பத்து வட்டம், ஐம்பது மதிப்பெண்

மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். ஞாயிறு மதியம் 2 மணி அடித்தால் டிவி, மிக்ஸி, என் போன் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 5 மணி வரை மாதிரித் தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழியும்.

உயிரியலின் 90 கேள்வியையும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவாள். இயற்பியல்தான் இழுக்கும். நேற்று, வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் 112-ஆவது விடையை 113-இல் கறுப்பாக்கிவிட்டாள். பால்பாயின்ட் பேனா, அழிக்கவும் முடியாது. அப்புறம் வரிசையாகப் பத்து விடை இடம் மாறி, ஏறக்குறைய ஐம்பது மதிப்பெண் போச்சு.

நான் எதுவும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தேன். "ஒரு வட்டம் நீங்க நிரப்புங்கப்பா, பாக்கலாம்" என்று பேனாவை நீட்டினாள். கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இன்னும் சிரிக்கிறாள்.