ஹெரால்டு நாட்குறிப்பு: சுட்ட சோக் கம்பி

பொங்கலுக்கு அப்புறம் என் பழைய ஹெரால்டு காரை எடுக்கவே இல்லை. திருநகர் வீட்டு ஷெட்டில் ஏழு மாதம் தூங்கியது. ஆடியில் ஒரு ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. இதே சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள் என்று வீட்டில் அடிக்கடி பெருமை பேசுவேன். அன்று யாரும் அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை.

பேட்டரி 12.3 வோல்ட் காட்டியது. ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டேன், காலையில் 12.7. திரும்பவும் ‘டக்’, கூடவே மோட்டாரிலிருந்து ஒரு முனகல். தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து காது கொடுத்துக் கேட்டார். “செல்ஃப் மோட்டார் போச்சுண்ணே, ஆர்மேச்சர் கட்டணும்” என்று சொல்லிவிட்டார். அதாவது இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டாரின் உள்ளே சுழலும் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டும். கழற்றிக் கொடுக்கவும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் வெளிச்சம் மங்கவே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தாலோ மோட்டார் இறுகிப்போயிருந்தாலோ லைட் படுத்துவிடும். மங்கவில்லை என்றால் மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் பெரிய அளவில் போகவே இல்லை, வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், ஸ்டூல் தேவையில்லை. அப்படி உட்கார்ந்து மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தேன். மகன் சாவியைத் திருப்பினான். அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டிய இடத்தில் 5.8. பேட்டரி வோல்ட்டேஜில் கிட்டத்தட்ட பாதி, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியிலேயே தொலைகிறது. (பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். என் வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் நெகட்டிவுக்கு மாற்றிவிட்டார். உங்கள் வண்டியில் எது என்று பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள்.)

அப்போதுதான் மகன், “அப்பா, இந்த சோக் குமிழ் சுடுது” என்றான். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய டேஷ்போர்டில் இழுக்கும் குமிழ் அது; அதிலிருந்து ஒரு கம்பி கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் பக்கம் சோக் கம்பியைத் தொட்டேன். சுரீர் என்றது! இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. எர்த் பட்டை ஒன்றுதான் அதை பாடியோடு இணைக்கிறது. பட்டை செத்துவிட்டால் கரண்ட் கிடைத்த கம்பி வழியாக வீடு திரும்பப் பார்க்கும். மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான சாலினாய்டு பாடியிலேயே திருகப்பட்டிருப்பதால் அதன் எர்த்துக்குக் குறைவில்லை. அதனால்தான் ‘டக்’ மட்டும் அவ்வளவு திடமாகக் கேட்டது.

ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து பிளாக்குக்குப் போட்டேன். மோட்டார் விர்ரென்று சுற்றியது. நாங்கள் இருவரும் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

பட்டையைக் கழற்றினேன். வெளியே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. முனையில் போல்ட் மாட்டும் லக்குக்குள் செப்புப் பின்னல் பச்சைக் களிம்பாகி, விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. புதுப் பட்டை 220 ரூபாய். சேஸி பக்கம் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது மீட்டரில் 0.2.

சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. ஏழு மாதச் சும்மாவில் ஸ்பார்க்கைத் தூண்டும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டில் மெல்லிய படலம். உப்புத்தாளை லேசாக இழுத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 15 தௌ (0.015 அங்குலம்) வைத்தேன். பெட்ரோல் பம்பின் கைநெம்புகோலை நாலைந்து அடி அடித்ததும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

திருமங்கலம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அங்கே சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் சிவப்பு சார்ஜ் விளக்கு மட்டும் லேசாக மினுக்குகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் பிரஷ்ஷா, அதைச் சுற்றும் பெல்ட்டா என்று அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.