நெட் பார்ட் சி: ஒரே ஜீனை வைத்து ஸ்ப்ளைசிங் படித்தேன்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி உண்டு, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கொஞ்சத்தில் போச்சு. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஸ்ப்ளைசிங், அதாவது ஆர்என்ஏவில் இன்ட்ரான் துண்டுகளை வெட்டிவிட்டு எக்ஸான் துண்டுகளை ஒட்டும் வேலை, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்த நோட்ஸைத் திறந்தாலும் ஐந்து வகை ஸ்ப்ளைசிங், ஐந்து வண்ணப் பெட்டிகள். எனக்கு அப்படி மனப்பாடம் ஏறாது. அதனால் பிஎல்பி1 என்ற ஒரே ஜீனைப் பிடித்துக்கொண்டேன். மூளை, தண்டுவட மையலினில் (நரம்பு இழைகளைச் சுற்றிய உறை) அதிகமாக இருக்கும் புரதத்தின் ஜீன் இது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மொத்தம் 7 எக்ஸான்.

விஷயம் மூன்றாவது எக்ஸானில் இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு டோனர் இடம் (எக்ஸான் முடிந்து வெட்டு தொடங்கும் இடம்), கடைசியில் இன்னொன்று. கடைசி டோனர் பயன்பட்டால் 276 அமினோ அமிலம் கொண்ட பிஎல்பி. உள்ளே இருப்பது பயன்பட்டால் 105 பேஸ் (ஆர்என்ஏ எழுத்து) கழன்று, 241 அமினோ அமிலத்தோடு டிஎம்20 என்ற குட்டை வடிவம். எக்ஸான் எண்ணிக்கை இரண்டிலும் ஏழுதான். ‘எக்ஸான் ஸ்கிப்பிங்’ (முழு எக்ஸானே விடுபடுவது) என்ற ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் நான் எல்லாரிடமும் சொல்லிச் சலிக்க வைக்கும் ஒரே தந்திரம்: மூன்றால் வகுங்கள். 105-ஐ வகுத்தால் 35, மீதியில்லை. மூன்று பேஸுக்கு ஓர் அமினோ அமிலம் என்று படிக்கும் வரிசை, அதாவது ரீடிங் பிரேம், தப்பித்தது. மையலின் பேசிக் புரதத்திலும் இதே கணக்கு. எக்ஸான் 2-இல் 78 பேஸ், எக்ஸான் 5-இல் 33. இரண்டும் இருந்தால் 197 அமினோ அமிலம், ஐந்தாவது போனால் 186, இரண்டாவது போனால் 171, இரண்டுமே போனால் 160. 21.5, 20.2, 18.5, 17.2 கிலோடால்டன் என்று உருப்போடும் நான்கும் இவைதான். கோடிங் பகுதிக்கு மட்டுமே இந்தக் கணக்கு, புரதமாக மாறாத யூடிஆரில் போடாதீர்கள்.

கேள்வியாக எப்படித் திருப்பலாம்:

- பிஎல்பி1 ஆர்என்ஏவை ஆர்டி-பிசிஆரில் பெருக்க, பிரைமர் (தொடக்கத் துண்டு) எக்ஸான் 2-இலும் 4-இலும்: இரண்டு பேண்ட், 105 வித்தியாசம். ஒரு பிரைமர் அந்த 105-க்குள் விழுந்தால் டிஎம்20 தெரியாது.
- அந்த 105-க்குள் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறினால் டிஎம்20 பிழைக்கும். நோயும் பெரும்பாலும் மிதமான ஸ்பாஸ்டிக் பாராப்ளீஜியா 2 (கால்கள் விறைத்துப் பலவீனமாகும் நோய்).
- இதே ஜீனால் வரும், மையலின் சரியாக உருவாகாத பெலிசேயஸ்-மெர்ஸ்பாக்கர் நோய்க்கு அடிக்கடி காணும் காரணம் ஜீன் இரட்டிப்பு. ஜீனே இல்லாவிட்டால் நோய் மிதம். இந்த ஸ்டேட்மென்டில்தான் பலர் மாட்டுவார்கள்.
- பார்ட் ஏ (பொதுத் திறன் கேள்விகள்): என்னிடம் கேட்காதீர்கள்.

என் தாளில் மையலின் வரவே இல்லை. ஏதோ ஒரு ஜீனின் எக்ஸான் நீளங்களை அட்டவணையாகக் கொடுத்து, எதை நீக்கினால் பிரேம் மாறாது என்று கேட்டிருந்தார்கள். வகுத்தேன், நான்கு மார்க்.