ஜாம் போத்தல் விளக்கும் கலியாணவீட்டு லைற்றும்

பாடசாலைப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மூன்று மாதமாகக் கேட்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எழுத எனக்கு முன்னால் பத்துப்பேர் வரிசையில் நிற்பார்கள். ஆகவே 2003இல், உயர்தர வகுப்பில் இருந்தபோது, ஏழு பேர் சேர்ந்து எடுத்த பதினான்கு நிமிடக் குறும்படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை மண்டபத்தில் பார்த்த சிலரும் இதை வாசிப்பீர்கள், தயவுசெய்து இந்த முறை சிரிக்கவேண்டாம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு கம்பியூட்டரும் கமராவும் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தாராளமாகக் கண்ணில் படத் தொடங்கின. எங்களுக்கும் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. கதை 1991இல் நடக்கிறது: மின்சாரம் இல்லாத ஊர், மறுநாள் சோதனை, படிக்கிற பெடியனுடைய விளக்கில் எண்ணெய் முடிந்துவிட, வேலிச் சண்டையில் பல வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மம்மா மண்ணெண்ணெய் கேட்கப் போகிறா. அவ்வளவுதான்.

எங்களுடையது ஆண்கள் பாடசாலை என்பதால் அம்மம்மாவுக்கு ஆள் இல்லை. ஒரு நண்பனின் சொந்த அம்மம்மாவையே கெஞ்சிப் பிடித்தோம். கமரா கலியாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணரிடம் இரவல், இரண்டு மினி டீவி (MiniDV) வீடியோ ரேப்போடு, ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்குப் பிறகு வருகிறேன்.

ஜாம் போத்தல் விளக்குச் செய்யத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம், ஆனால் நாங்கள் செய்தது புகைத்துக்கொண்டே இருந்தது. அம்மம்மா பறித்தெடுத்து, போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியை வளைத்து வாயில் கொழுவி, திரியைச் சொருகித் தந்தா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சுடர் போத்தலுக்குள் இருப்பதால் காற்றுக்கும் அணையாது. ஆனால் அந்த வெளிச்சம் கமராவுக்குப் போதாது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சரி என்று அண்ணரின் கலியாணவீட்டு லைற்றைப் போட்டோம். சுவரில் இருந்த பல்லி வரைக்கும் தெரிந்தது. அம்மம்மா கண்ணைக் கூசிக்கொண்டு, "இவ்வளவு வெளிச்சம் இருந்திருந்தா நாங்கள் ஏன்ரா விளக்குக் கொளுத்தினனாங்கள்?" என்றா. கடைசியில் லைற்றை வெளியே விறாந்தையில் வைத்து, சுவரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தில் எடுத்தோம். இன்றைக்கும் அந்தக் காட்சி ஒன்றுதான் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

தெருவில் எடுத்தது இன்னொரு கூத்து. ஒழுங்கை முனையில் மண்மூட்டைச் சென்றி, அதாவது ராணுவக் காவலரண். அதன் பக்கம் கமராவைத் திருப்பவே பயம், அதைவிட ராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்தது 1995 டிசெம்பரில், எங்கள் கதையோ 1991. ஆகவே அம்மம்மா நடந்துபோகிற காட்சி முழுக்க அவவின் செருப்புக் காலைத்தான் காட்டுகிறது. கலைநயம் என்று பின்னர் ஒரு சேர் பாராட்டினார், நாங்களும் மறுக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த நடிப்பு தமிழ்த்தினப் போட்டி நடிப்பு. கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும், கை ஒருமுறையாவது வானத்தை நோக்கிப் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரராக நடித்தவன் எங்கள் மேடைச் சிங்கம், மையில் மீசை கீறிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "என்ன வேண்டும் உமக்கு!" என்று முழங்கினான். அம்மம்மா வேலிக்கு மேலால் பார்த்து, "ஏன் தம்பி கத்துறாய், எனக்குக் காது கேக்கும்" என்றா. நாங்கள் எழுதாத வசனம். வெட்டவேண்டும் என்று மேடைச் சிங்கம் சண்டை பிடித்தான், ஆறுக்கு ஒன்று என்று தோற்றான். மண்டபத்தில் கைதட்டல் விழுந்த ஒரே இடம் அதுதான்.

அதே வேலிக் காட்சியில்தான் பெரிய பிழையும். நிழல் இருந்தது என்பதற்காக நடுவில் கமராவைப் பேசுகிற இருவருக்கும் மற்றப் பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். எடிற்றிங்கில் ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், தெருவில் போகிற மூன்றாவது ஆளோடு பேசுவதுபோல. பேசுகிற இருவரையும் இணைக்கிற, கமரா தாண்டக்கூடாத ஒரு கற்பனைக் கோடு உண்டு என்பதைப் பல வருடம் கழித்து இங்கே ஒரு மாலை வகுப்பில் படித்தபோது அந்த வேலிதான் ஞாபகம் வந்தது.

எடிற் செய்தது ஒரு கம்பியூட்டர்க் கடையில், கடை பூட்டிய பிறகு. ஒரு மணி நேர ரேப்பை ஏற்ற 13 ஜிபி அளவில் வேண்டும், அந்த மெசினில் இருந்ததே 40, அதில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. கடைக்காரர் ஒவ்வொரு பாட்டாக மனமில்லாமல் அழித்துத் தந்தார். இரவு முழுக்க ஓடவிட்டுப் போவோம், இடையில் கரண்ட் போயிருக்கும், விடியப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மூன்று முறை இப்படி. யாழ்ப்பாணம் அப்போது தேசிய மின்கட்டமைப்போடு இணைந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லாததைப் பற்றிய படம் மின்சாரம் இல்லாததால் முடியாமல் கிடந்தது.

அண்ணரின் நிபந்தனை இதுதான்: ரேப் இரண்டையும் திருப்பித் தரவேண்டும். கொடுத்தோம். அடுத்த முகூர்த்தத்திலேயே அவற்றின் மேல் யாரோ ஒருவரின் கலியாணத்தை எடுத்துவிட்டார். ஆகவே மிஞ்சியது நாங்கள் அடித்த ஆறு விசிடிகள் மட்டும். என்னிடம் இருப்பது கீறல் விழுந்து ஒன்பதாவது நிமிடத்தில், அம்மம்மா வேலியடிக்கு வருகிற இடத்தில் நின்றுவிடுகிறது. மற்ற ஐந்தும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. 2003, 2004 பட்ச் ஆட்கள் யாராவது ஊருக்குப் போனால் வீட்டு அலுமாரியில் ஒருமுறை பாருங்கள், உறையில் நீலப் பேனையால் "விளக்கு" என்று எழுதியிருக்கும்.