பதக்கம் பெற்ற குதிரைவீரரும் பதினோராம் தர மாணவரும்

வன்னியில் வரலாறு கற்பிப்பவருக்குப் போர்வீரம் எளிதான பாடமல்ல. முதலாம் உலக யுத்தத்தைத் தொடங்கும்போது முன்னால் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளில், 2009ஆம் ஆண்டைப் பற்றி ஓயாமல் பேசுபவர்களும் பேசவே மறுப்பவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். அதனால் தளபதிகளை விட்டுவிட்டு, பிரித்தானிய இந்தியப் படையில் லான்ஸ் தபேதார் என்ற கீழ்நிலைக் குதிரைப்படைப் பதவியில் இருந்த கோவிந்த் சிங்கை வகுப்புக்குள் கொண்டுவந்தேன்.

ராஜபுதனத்தில் 1887இல் பிறந்த அவர், ஒருகாலத்தில் மதராஸ் குதிரைப்படையாக இருந்த 28ஆம் இலகு குதிரைப்படையைச் சேர்ந்தவர். பிரான்சில் 2ஆம் லான்சர்ஸ் படையணியோடு இணைக்கப்பட்டிருந்தார். 1917 டிசெம்பர் 1ஆம் திகதி, காம்பிரேச் சமரில் அப்படையணி முன்னேறிச் சென்று அகப்பட்டுக்கொண்டபோது, பிரிகேட் தலைமையகத்துக்குச் செய்தி கொண்டுசெல்ல அவரும் ஜோத் ராம் என்பவரும் முன்வந்தனர். ஒரே செய்தியின் இரு பிரதிகளோடு புறப்பட்ட இருவரில் ஜோத் ராம் வழியிலேயே கொல்லப்பட்டார். கோவிந்த் சிங்கின் குதிரை சுடப்பட்டு விழ, அவர் எஞ்சிய தூரத்தைக் கால்நடையாகக் கடந்தார். இடைத்தூரம் ஒன்றரை மைல். முழுவதும் எதிரியின் கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளி. அன்று மூன்று முறை அவ்வழியே செய்தி சுமந்தார். மூன்று முறையும் குதிரையை இழந்தார். மூன்று செய்திகளும் சேர்ந்தன.

"டாங்கி இருக்கேக்க ஏன் சேர் குதிரை?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி, காம்பிரே என்றாலே நூல்கள் டாங்கிகளைத்தான் பேசுகின்றன. அக்காலத்து டாங்கி மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது, தொலைபேசிக் கம்பிகளை எறிகணைகள் அறுத்தன, ஆகவே அவசரச் செய்திக்கு ஆளும் குதிரையுமே எஞ்சினர் என்று விளக்கினேன்.

பிரித்தானியாவின் அதியுயர் வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவைக்கு இந்தியப் படைவீரர்கள் உரியவர்களானதே 1911இல்தான். 1918 ஜனவரியில் கோவிந்த் சிங்குக்கு அது அறிவிக்கப்பட்டபோது வெளிவந்த குறிப்பில், அவர் எவரையும் கொன்றதாக ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். அவர் 1942 வரை வாழ்ந்தார் என்று சொன்னதும் வகுப்பில் பலருக்கு ஆறுதல், பின்வாங்கிலிருந்த மாணவி மட்டும், "மற்ற ஆளின்ர வீட்டுக்கு ஆர் சேர் போய்ச் சொன்னது?" என்றாள்.

பரீட்சை வினாத்தாளில் இக்கேள்விக்கு இடமில்லை. எனினும் அடுத்த ஆண்டிலிருந்து, அலகு முடியத் தாமதமானாலும், ஜோத் ராமின் பெயரைக் கரும்பலகையில் முதலில் எழுதியே அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.