மூன்றாவது மாடி

சனிக்கிழமை மாலை, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து வீடு சந்திக்கப் போனோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். 1833-இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் நண்பர்களோடு இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. அன்றும் முக்கிய வேலை இதேதான், ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போவது.

மூன்றாவது மாடி அம்மா முழங்கால் வலியால் பல மாதங்களாகப் பூசைக்கு வரவில்லை. போன வாரம் கொடுத்த பங்கு மடலை (எங்கள் கோயில் செய்தி இதழை) மடித்து ஜெபமாலைக்கு அடியில் வைத்திருந்தார். ஓரங்கள் நைந்துபோயிருந்தன. "என் இடத்துல இப்ப யாரு உக்கார்றா?" என்று கேட்டார். வலதுபக்கம் இரண்டாவது பெஞ்ச், தூண் ஓரம். யாரும் உட்காருவதில்லை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது, மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை (பூசையில் தரும் திவ்ய அப்பம்) கொண்டு வருவார்.

நகரத்துப் பங்கில் இது எனக்குத் தீராத வருத்தம். ஞாயிறு மூன்று பூசையும் நிரம்பி வழிகிறது, பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது. ஒருவர் வராமல் போனால்கூடக் கவனிக்க ஆளில்லை. பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தால் மட்டும் போதாது, கதவைத் தட்ட வேண்டும்.

மறைக்கல்வி, பாடகர் குழு, மரியாயின் சேனை என்ற பக்த சபை எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. வீடு சந்திப்புக்குத்தான் ஆள் குறைவு. சரி, அடுத்த சனிக்கிழமை யார் வருகிறீர்கள்? நாலரை மணிக்குக் கோயில் கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) முன்னால் நிற்போம்.