வைரஸ் போன பிறகு

6 பிப்ரவரி 2025

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. சர்க்கரை பரவாயில்லை. ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் சி மட்டும் 'பாசிட்டிவ்'. நர்ஸ் தாளிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்றார்.

நான் 2021-லேயே மாத்திரை சாப்பிட்டு முடித்தவள். ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட் எப்போதும் பையில் இருக்கும், அதை எடுத்து நீட்டினேன். இவர்கள் பார்த்தது ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். வைரஸ் ஒழிந்த பிறகும் அது பல வருஷம், பலருக்கு ஆயுசுக்கும், ரத்தத்தில் நிற்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று தெரிய வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை பார்க்க வேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சரி என்றார். ஆனாலும் பட்டியலில் என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. யாராக இருந்தாலும் கருவிகளை ஒரே மாதிரி சுத்தம் செய்வதுதானே முறை? அப்புறம் எதற்கு இந்தக் கடைசி இடம்? நோய் தீர்ந்தவர்களை இப்படி நடத்தினால், அடுத்தவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.

20 பிப்ரவரி

கண் நன்றாகத் தெரிகிறது. இன்று பக்கத்துத் தெரு அக்கா வந்திருந்தார். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் மருந்து கொடுத்தார்கள். சோஃபாஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம், இலவசம். இதே சோஃபாஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர்.

எனக்கு 1987-இல் பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-இல்தான். ரத்தத்தைச் சோதிக்க அப்போது வழியில்லை. தெரியவந்தபோது எங்கள் இருவருக்குமே சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நிலை, ஆகியிருந்தது.

அக்கா ஈரல் ஸ்கேனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். "வைரஸே இல்லேங்கும்போது எதைடி தேடுறாங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் வைரஸ் இல்லையென்றால் குணம்; அதன்பின் பழைய வைரஸ் திரும்புவது நூற்றில் ஒருவருக்குக்கூட அரிது. ஆனால் முப்பது வருஷமாக ஈரலில் ஏறிய தழும்பு 12 வாரத்தில் போகாது. ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, அவ்வளவுதான். குணமாகும் முன்பே சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரலில் வலி தெரியும்போது கட்டி பெரிதாகியிருக்கும். சின்னதாக இருக்கையில் பிடித்தால் வெட்டி எடுக்கலாம், சுட்டுக் கரைக்கலாம்.

அக்கா தலையாட்டினார். போவாரா தெரியவில்லை.

15 மார்ச்

இன்று எனக்கு ஃபைப்ரோஸ்கேன்; ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை. வலது கையைத் தலைக்குமேல் வைத்துப் படுக்கச் சொல்லி, விலா இடுக்கில் கருவியை அழுத்துகிறார்கள். விரலால் சுண்டுவது போல 'டக், டக்' என்று குறைந்தது பத்துத் தடவை. திரையில் ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு எண் வருகிறது; எண் கூடினால் ஈரல் இறுக்கம் அதிகம். மருந்துக்கு முன் 21 கிலோபாஸ்கல் இருந்தது. போன வருஷம் 11.8, இன்று 10.9. ரத்தத்தில் பிளேட்லெட் (தட்டணுக்கள்) 1 லட்சத்து 62 ஆயிரம்.

இந்த எண்ணை வைத்து எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தொடர்ந்து இறங்கி 12-க்குக் கீழே வந்திருக்கிறது, பிளேட்லெட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல், குடியோ உடல் பருமனோ இல்லை. அதனால் ஈரல் இறுகியதில் உணவுக்குழாய் ரத்தநாளங்கள் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோபி இனி எனக்குத் தேவையில்லை. குழாயை விழுங்குவது எனக்குப் பெரிய வேதனை. சந்தோஷத்தில் அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆறு மாத ஸ்கேன் நிற்காது. எண் இறங்கியதில் ஒரு பங்கு ஈரல் வீக்கம் வடிந்ததால்; தழும்பு அந்த வேகத்தில் கரைவதில்லை.

2 மே

அதே ஓ.பி.யில் பழக்கமான ஒரு தம்பி போன் செய்தான். அவனுக்குத் தழும்பு அதிகமில்லாத நிலையிலேயே குணமாகிவிட்டது. தொடர் ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். "இனிமே தடுப்பூசி போட்ட மாதிரிதானேக்கா?" என்றான். இல்லவே இல்லை. இந்த நோய்க்குத் தடுப்பூசியே கிடையாது, ஒருமுறை வந்து போனதும் பாதுகாப்பு தராது. ஊசி பகிர்ந்தால், சுத்தமில்லாத இடத்தில் பச்சை குத்தினால் மறுபடி வரலாம். குடியையும் ஆரம்பித்திருக்கிறான். அதுதான் எனக்குக் கவலை.

2023-இல் வந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மூன்றிலும் குணமான 21,790 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். சிரோசிஸ் இல்லாதவர்களிலும் இறப்பு பொது மக்களைவிட அதிகம். அவர்களிடம் போதைப்பொருளும், சிரோசிஸ் இருந்தவர்களிடம் ஈரல் நோயும் பெரும் காரணம். தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

28 ஜூலை

உலக ஹெபடைடிஸ் தினம். அக்காவை ஒருவழியாக ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவரிடம் நல்ல செய்தியையும் சொன்னேன். 2012-இல் வெளியான ஆய்வில், எங்களைப் போல ஈரல் கெட்டுப்போன 530 பேரில், குணமானவர்களில் பத்து வருஷத்தில் இறந்தவர்கள் 8.9 சதவீதம், குணமாகாதவர்களில் 26 சதவீதம். அதுவும் பழைய ஊசி மருந்தான இண்டர்ஃபெரான் காலத்தில். "அப்ப நாம பொழச்சவங்கதான்" என்றார் அக்கா.

ஸ்கேனில் எட்டு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான புள்ளி பெரும்பாலும் தழும்பு முடிச்சாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த ஸ்கேனுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், மூன்று மாதத்தில் வாருங்கள் என்றார் டாக்டர். ஈரல் புற்றுநோய்க்கான அறிகுறியைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அக்கா வாய் திறக்காமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு கவுண்டரில் அவரே கேட்டு அக்டோபர் 27-க்குத் தேதி வாங்கிக்கொண்டார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.