காட்பாடிப் பெண் தலைமைப் பொறியாளர் ஆகியிருக்கிறாள்

என்னோடு சிவில் படித்த காட்பாடித் தோழி, ரயில்வேயில் முதன்மைத் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றிருக்கிறாள். மனசு நிறைந்திருக்கிறது! 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய வட ஆற்காட்டுக்காரி.

ஒரு மண்டலத்தின் தண்டவாளம், பாலம், கட்டடம், நிலம் எல்லாம் அந்தப் பதவிக்குக் கீழேதான். அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று நம்ம ஊருக்குத் தெரியும். 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னை ஆற்றுப் பாலம் பாதித்ததும் எத்தனை ரயில்கள் ரத்தாயின! வெள்ளத்தில் தூணின் அடிமண் அரித்துப் போனால் மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் வேலூர் வெயில். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூட்டில் விரிய இடமில்லாமல் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். ஜல்லி சரியாக இருந்தால்தான் பிடித்து நிறுத்தும். அதனால்தான் மே மாத மத்தியானத்திலும் லைனில் ஆள் நடக்கிறார். சுத்தியலும் ஸ்பேனருமாக ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்துப் போகும் கீமேன் இல்லாமல் எந்த எக்ஸ்பிரஸும் இல்லை.

போனில் வாழ்த்தியபோது அவள் முதலில் பேசியதே அவர்களைப் பற்றித்தான். வெயிலில் நடக்கிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும், ரயில் வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியும் வேண்டுமாம். செய்து காட்டுடி!